நான்காவது தூண்

ரெட்டியார்சத்திரம் பக்கத்தில் எந்தத் தோட்டத்துக் கிணற்றில் மோட்டார் நின்றுபோனாலும் சைக்கிளில் ஆள் அனுப்பிக் கருப்பணனை அழைத்து வருகிறார்கள். இடது கையில் கட்டைவிரலும் சுட்டுவிரலும் மட்டுமே உள்ள மனிதர். அந்த இரண்டு விரல்களால் நட்டைப் பிடித்துக்கொண்டு வலது கையால் ஸ்பேனரைத் திருப்புவார். மற்ற விரல்கள் எங்கே என்று யாராவது கேட்டால், "லிப்ட்டு சாப்ட்டுருச்சு" என்பார். அதற்குமேல் பேசமாட்டார். லிப்ட் சாப்பிட்டது மூன்று விரல்களை. அவருடைய பெயரைச் சாப்பிட்டவர்கள் மனிதர்கள்.

எரியோட்டில் கூலிக் குடும்பத்தில் பிறந்தவர். சண்டைக் காலத்தில் பட்டாளத்தில் சேர்ந்து, அஸ்ஸாம் சேற்றில் லாரிகளைக் கழற்றி மாட்டித் தொழில் கற்றார். ஐம்பத்து மூன்றிலிருந்து திண்டுக்கல்லில் புகையிலை வியாபாரி நல்லுசாமியின் வீட்டுக் கார் ஷெட்டில் மெக்கானிக். அங்கே டிரைவர் பொம்மையன். இருவரும் ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிட்டவர்கள். ஒருமுறை பொம்மையன் குடித்துவிட்டு மில் கேட்டில் காரை உரசிவிட்டபோது, "பிரேக்கை நாந்தான் சரியா வைக்கலை மொதலாளி" என்று பழியை ஏற்றுக்கொண்டவர் கருப்பணன்.

காருக்கு அடியில் வேலை பார்க்க ஷெட்டில் ஒரு குழி இருந்தது. ஐப்பசியில் இடுப்பளவு தண்ணீர், கோடையில் தேள். "காரைத் தூக்கிட்டா நின்னுக்கிட்டே வேலை பாக்கலாம்" என்று இரண்டு வருடம் சொல்லிக்கொண்டே இருந்தார். ஐம்பத்தொன்பதில், சென்னையில் மூடப்பட்ட ஒரு பட்டறையின் ஏலத்தில் நல்லுசாமி ஒரு லிப்ட் எடுத்தார்.

நான்கு இரும்புத் தூண்கள். ஒவ்வொன்றிலும் ஆளுயரத்துக்கு ஒரு திருகுத் தண்டு, அதில் ஒரு பித்தளை நட்டு. கைப்பிடியைச் சுற்றினால் நான்கு தண்டுகளும் ஒரே சங்கிலியில் சுழலும். நட்டுகள் மேலேறும், அவற்றின் மேல் உட்கார்ந்த மேடையும் காரும் கூடவே ஏறும். ஒரு டன்னுக்கு மேற்பட்ட எடையைத் தாங்குவது அந்த நட்டுகளின் உட்புறத் திருகு வரியான மரை மட்டுமே. அதனால் சனிக்கிழமைதோறும் கருப்பணன் மண்ணெண்ணெய்த் துணியால் தண்டுகளைத் துடைத்து, புது எண்ணெய் விடுவார். துணியில் மஞ்சளாய்த் தூள் மின்னினால் பித்தளை தேய்கிறது என்று பொருள். இரண்டு வருடத்தில் ஒரு பொட்டுத் தூள் மின்னவில்லை.

நல்லுசாமிக்கு அது வேலைக்கான சாமான் அல்ல, பெருமை. விருந்தாளி வந்தால் காப்பி ஆறுவதற்குள் காரை ஏற்றி இறக்கிக் காட்டியாக வேண்டும்.

அறுபத்தொன்றில் ஆயுத பூசைக்கு ஒரு சாமியார் வந்தார். தூண்களுக்குச் சந்தனம், குங்குமம், மாலை என்றதோடு நிற்கவில்லை. திருகுத் தண்டுகள் முழுக்க மஞ்சளும் திருநீறும் குழைத்துப் பூசச் சொன்னார்.

"மொதலாளி, பூசை பண்ணுங்க, நானும் கும்பிடுறேன். தண்டுல மட்டும் பூச வேணாம். துண்ணூறும் எண்ணெயும் சேந்தா அரம் மாதிரி. மரையைத் தின்னுரும்" என்றார் கருப்பணன்.

"ஒரு மண்டலத்துக்குத் தண்டுல யாரும் கை வைக்கக் கூடாதுன்னுட்டாரு. நாப்பத்தெட்டு நாளு. அவரைவிட நீ பெரிய ஆளா?"

"அவரு இதுக்கு அடியில நிக்கப் போறதில்லையே மொதலாளி."

பொம்மையன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை.

பத்தாம் நாள், முதலாளி கடைக்குப் போனதும் கருப்பணன் மண்ணெண்ணெய்த் துணியை எடுத்தார். பொம்மையன் வாசலில் காவல் நின்றார். மூன்று தண்டுகளைத் துடைத்து முடித்து நான்காவதற்கு வந்தபோது பொம்மையன் ஓடி வந்தார்.

"அண்ணே, அதை விட்ருங்க. மொதலாளியம்மா சன்னலுக்கு நேரா இருக்கு. மஞ்சள் போனது தெரிஞ்சா ரெண்டு பேரு சீட்டும் கிழிஞ்சிரும்."

"ஏலே, நாலும் ஒண்ணாத்தான சுத்துது?"

"ஒரு மாசந்தானண்ணே. அதுக்குள்ள என்ன கொறைஞ்சிரப் போகுது?"

கருப்பணன் துணியைக் கீழே வைத்தார். நண்பனின் பயத்துக்கு இரங்கியது அவர் செய்த ஒரே பிழை. அதற்குப் பிறகு தினமும் நான்காவது தண்டை உற்றுப் பார்ப்பார். மஞ்சளாகத்தான் இருந்தது. அது பூசிய மஞ்சளா, உதிர்ந்த பித்தளையா என்று யார் சொல்ல முடியும்?

நாற்பதாம் நாள் காலையில் முதலாளியின் சம்பந்தி வந்திருந்தார். காரை ஏற்றிக் காட்டச் சொன்னார்கள். பொம்மையன் கைப்பிடியைச் சுற்ற, கருப்பணன் அருகில் நின்று மேடையின் சமமட்டத்தைக் கையால் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தோள் உயரத்தில் நான்காவது நட்டின் மரை மொத்தமாக உரிந்தது. அந்த மூலை இறங்கியது. மேடைக்கும் தூணுக்கும் நடுவே அவருடைய இடது கை இருந்தது.

ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தவர்களில் அப்துல் வாஹித் ஒருவர். தோல் வியாபாரி, ஆறு லாரிகள் வைத்திருந்தார். "உங்க மேல தப்பு இல்லேன்னா நம்ம லாரி ஷெட்டுக்கு வந்துருங்க. விரலு போனா என்ன, மூளை இருக்குல்ல" என்றார். கருப்பணன் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் படுக்கையிலிருந்து எழுந்தார்.

ஆனால் அவர் திரும்பி வந்தபோது, உரிந்த நட்டு பழைய இரும்புக்காரனிடம் போயிருந்தது. பரிகாரம் என்று நான்கு தண்டுகளுக்கும் மறுபடி பூசியிருந்தார்கள். மிச்சமிருந்த ஒரே சாட்சி பொம்மையன்.

ஷெட்டிலேயே பேசினார்கள். வாஹித்தும் வந்திருந்தார்.

"சாமி காரியத்துல கை வச்சான். சாமி கையை எடுத்துக்கிருச்சு. நாம என்ன பண்றது?" என்றார் நல்லுசாமி.

எவ்வளவு சுலபம்! தேய்ந்த நட்டுக்கு முதலாளி பொறுப்பில்லை, பூசச் சொன்ன சாமியார் பொறுப்பில்லை. இந்த நாட்டில் முதலாளிகளுக்குச் சாட்சி சொல்ல ஒரு சாமி எப்போதும் ஓய்வாக இருக்கிறது.

வாஹித் அதற்கு மசியவில்லை. "அந்தச் சமாச்சாரம் எனக்கு வேணாம். நட்டு எப்படிப் போச்சு, அதைச் சொல்லுங்க."

"நான் தொடைச்ச மூணும் நின்னுச்சு சாயபு. தொடைக்காத நாலாவதுதான் போச்சு. பொம்மையன் கூடவே இருந்தான். அவனைக் கேளுங்க."

எவ்வளவு தெளிவான நிரூபணம்! இதைவிடச் சுத்தமான சோதனையை எந்தக் கல்லூரியிலும் செய்து காட்ட முடியாது. அதற்கு வேண்டியிருந்தது 'மூன்று' என்ற ஒரு சொல்.

"மூணா, நாலா?" என்று பொம்மையனைக் கேட்டார் வாஹித்.

பொம்மையன் தரையைப் பார்த்தார். "நாலுங்க."

"ஏலே, என்னைப் பாத்துச் சொல்லு" என்றார் கருப்பணன்.

"நாலையுந்தாங்க தொடைச்சாரு. நாந்தான் வேணாம் வேணாம்னேன்."

வாஹித் கருப்பணன் பக்கம் திரும்பினார். "தொடைச்ச நட்டே போயிருக்குன்னா துண்ணூறு மேல பழி சொல்ல முடியாது கருப்பணன். பராமரிப்புதான் சரியில்லை. என் லாரியில ஆளுக ஏறுறாங்க. மன்னிச்சிருங்க."

அவர் அநியாயக்காரர் அல்லர். கிடைத்த சாட்சியத்தை வைத்துச் சரியாகத்தான் யோசித்தார். சாட்சியம்தான் பொய். ஒரு வாரத்தில் ஊர் முழுக்கச் செய்தி பரவியது. பக்தர்கள் கருப்பணனைச் சாமிக் குற்றம் செய்தவர் என்றார்கள், மற்றவர்கள் வேலை தெரியாதவர் என்றார்கள். அவரை நம்பிக் கார் கொண்டுவர ஆள் இல்லை. நல்லுசாமி புது நட்டு போட்டார். ஷெட்டின் பொறுப்பு பொம்மையனுக்கு வந்தது.

அடுத்த சித்திரையில் ஒரு சனிக்கிழமை, ஷெட்டில் விட்டு வந்த தன் ஸ்பேனர் பெட்டியை எடுக்கக் கருப்பணன் போனார். மண்ணெண்ணெய் வாடை வாசலிலேயே அடித்தது. உள்ளே பொம்மையன் நான்காவது தூணின் முன் குந்தியிருந்தார். கையில் துணி. தண்டில் வருடப்பிறப்புக்குப் பூசியிருந்த திருநீற்றை அழுத்தி அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார். மற்ற மூன்றும் ஏற்கெனவே பளபளவென்று இருந்தன.

கருப்பணனைக் கண்டதும் துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"ஏன் மறைக்கிற? நல்லாத் தொடை" என்றார் கருப்பணன்.

"எனக்கும் ரெண்டு கை இருக்குல்லண்ணே" என்றார் பொம்மையன். பிறகு தணிந்த குரலில், "நாலாவதை விடச் சொன்னது நாந்தான. அது வெளிய வந்திருந்தா என்னையுஞ் சேத்துத் தொரத்தியிருப்பாக" என்றார்.

கருப்பணன் பெட்டியை வலது கையால் தூக்கினார்.

"அண்ணே, இதை யாருகிட்டயும் சொல்லிறாதீக."

வாசலில் நின்று திரும்பினார் கருப்பணன். "நானாப் போய்ச் சொல்ல மாட்டேன். யாராச்சும் கேட்டா, பொம்மையன் நாலையுந்தான் தொடைச்சான்னு சொல்லுவேன்."

இன்றுவரை யாரும் கேட்கவில்லை.