நுகுசோலோவில் ஒருவர்

ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே கணினித் திரையில் புள்ளிகளாகத் தெரிபவர்களோடு பேசுகிறாள் வசிதி. "வாங்க, வாங்க... அட, வாசப்படியிலயே திரும்பிட்டான் பாரு!" இணையதளத்தில் ஒரே ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டு ஓடுகிறவர்களை அவள் இப்படித்தான் திட்டுவாள். பாடத்தில் அதற்கு வேறு பெயர். அது வாயில் நுழையாமல்தான் இரண்டு முறை தேர்வில் தோற்றாள் என்பது பிஜித் தலைநகர் சுவாவில் இருக்கும் அவள் அலுவலகத்துக் கேலி.

ஓட்டல் வரவேற்பில் பல வருடம் நின்றவள். இப்போது விடுதிகளுக்கு இணையதளம் நடத்தித்தரும் சிறு நிறுவனத்தில் வேலை. யார் வருகிறார்கள், எங்கிருந்து வருகிறார்கள், எதைப் பார்க்கிறார்கள் என்று கணக்கிடும் மென்பொருளில் சான்றிதழ் வாங்கினால்தான் வேலை நிலைக்கும் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

பயிற்சிக்கு ஒரு தளம் வேண்டும். வாடிக்கையாளர் தளங்களைத் தொட அனுமதி இல்லை. ஆகவே, தம்பி செமேசா நுகுசோலோ தீவில் நடத்திய விடுதியின் தளத்தில் மென்பொருளை இணைத்தாள். புயல் அந்த விடுதியைக் கொண்டுபோயிற்று, செமேசாவையும். உடல் கிடைக்கவில்லை. பிழைத்த குடும்பங்கள் பெரிய தீவுக்குக் குடிபெயர்ந்தன. தளத்தை மூடத்தான் யாருக்கும் மனம் வரவில்லை.

இணைத்த அன்று மதியமே ஒருவர் வந்தார். வரைபடத்தில் நீலப் புள்ளி நுகுசோலோவின் மேல் நின்றது. அங்கே மனிதர் இல்லை, மின்சாரம் இல்லை, தொலைபேசிக் கோபுரம் கடலுக்குள் கிடக்கிறது. வந்தவர் படங்களைப் பார்க்கவில்லை. படகு நேரம் உள்ள பக்கத்தைத் திறந்தார். அங்கேயே இருந்தார். மறுநாளும் வந்தார்.

ஆக்லாந்திலிருந்து இணையத்தில் பாடம் நடத்தும் ஹாமிஷிடம் காட்டினாள்.

"அது ஆளே இல்ல வசிதி. ஏதோ எந்திரம் வந்து மேயுது. இடத்தையும் தப்பாக் காட்டும். வடிகட்டித் தள்ளு. கணக்கு சுத்தமா இல்லேன்னா பாஸ் போட மாட்டாங்க."

"எந்திரத்துக்கு எதுக்கு ஹாமிஷ் படகு நேரம்?"

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அந்தப் பக்கத்தில் ஒரே வரிதான் இருந்தது: படகு நிறுத்தப்பட்டது.

செய்முறைத் தேர்வன்று அந்தப் புள்ளியை மறைக்கும் வடிகட்டியைப் போட்டாள். "மன்னிச்சுக்கடா" என்று அவள் முணுமுணுத்தது பக்கத்து மேசை வரை கேட்டது. கணக்கு சுத்தமாயிற்று. தேறிவிட்டாள். முதலாளி சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டினார். "இனிமே மேடத்தைக் கேட்டுத்தான் எவனும் உள்ள வரணும்" என்று கிண்டல் செய்தபடி கேக் வெட்டினார்கள்.

தட்டோடு இருக்கைக்கு வந்தவள் வடிகட்டியை எடுத்துவிட்டாள். புள்ளி அங்கேயே இருந்தது. அதே பக்கத்தை மூடுவதும் திறப்பதுமாக இருந்தது, பொறுமை இழந்தவர் கதவைத் தட்டுவதுபோல. வசிதி அந்தப் பக்கத்தைத் திருத்தத் திறந்தாள். பழைய வரியை அழித்துவிட்டு எழுதினாள்: வியாழக்கிழமை காலை படகு வரும்.

புள்ளி அணைந்தது.

கேக்கைத் தொடாமலே தட்டை ஓரமாகத் தள்ளினாள். பிறகு படகுக்காரன் இலியேசாவுக்குப் போன் போட்டாள்.

"வியாழன் மீனுக்கு அந்தப் பக்கம்தான போற? நுகுசோலோ கரையில கொஞ்சம் நிறுத்து."

"அங்க யாரு இருக்கா, அக்கா? யாரை ஏத்திட்டு வரச் சொல்ற?"

வசிதி போனை வைத்தாள். பக்கத்து நாற்காலியில் கிடந்த தன் பையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, யாரோ வந்து உட்காரப்போவதுபோல நாற்காலியின் தூசியைக் கையாலேயே துடைத்தாள்.