சோதிக்காமல் விட்ட கணுக்கால்

ஒடில் கார்சன் வாசலில் உட்கார்ந்துவிட்டால் ஒரு குண்டூசிகூட உள்ளே போகாது என்று எங்கள் ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் சொல்வார்கள். வாசல் என்றால் கதவும் படியும் வைத்த வாசல் இல்லை. சூரியனுக்குள் நடப்பதைச் சின்ன அளவில் நடத்திப் பார்க்க நாங்கள் வைத்திருக்கும் பெரிய இரும்பு வளையத்துக்குள் ஆள் ஊர்ந்து நுழைகிற துவாரம் அது. காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்த பிறகுதான் அந்த வளையத்தை ஓட்டுவோம். உள்ளே ஒரு ஹேர்பின் விழுந்து கிடந்தாலும் மாதக்கணக்கில் செய்த வேலை பாழ்.

அதனால் உள்ளே போகிறவர்கள் மோதிரம், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் அவளுடைய தட்டில் போட்டுவிட்டு, பை வைக்காத வெள்ளை அங்கியில் கைகளை விரித்து நிற்கவேண்டும். ஒடில் தோளிலிருந்து கணுக்கால் வரை தடவிப் பார்ப்பாள். பெரிய அதிகாரி வந்தாலும் இதே கதிதான். யாராவது நெளிந்தால், "சந்தையில ஆடு வாங்கறேன்னு நினைச்சுக்கோப்பா, சீக்கிரம் முடிஞ்சிடும்" என்பாள். கணவன் விட்டுப்போன பிறகு ஒற்றை ஆளாக மகளை வளர்த்து, மார்செய் நகரத்தில் வேலைக்கும் அனுப்பியாயிற்று. பக்கத்து ஊர் மானோஸ்க்கில் இருக்கிற வீட்டுக்குத் திரும்பினால் பேச ஆள் இல்லை. மனுஷ சத்தம் கேட்கிற இடம் அவளுக்கு இந்த வாசல்தான்.

ஒரே ஒரு ஆளிடம் மட்டும் அவள் கை அவசரப்பட்டது. ரெஜிஸ் பிளான் வளையத்தின் உள்சுவரில் ஓடு பதிக்கிறவன். படுத்த படுக்கையான அம்மாவைப் பார்த்துக்கொண்டதில் கல்யாண வயதைக் கோட்டைவிட்டவன். பேச்சு குறைவு, சிரிப்பு அதைவிடக் குறைவு. பல வருஷமாக அவனையும் ஆடு மாதிரிதான் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன வசந்தத்தில் ஒருநாள் அவன் தோளில் கை வைத்தபோது திடீரென்று அவளுக்குக் காது சூடாகிவிட்டது. அன்றிலிருந்து தோளைத் தொட்டதும், "சரி, போ" என்று அனுப்பிவிடுவாள். ஐம்பது வயதைத் தாண்டியவளுக்கு இது என்ன கூத்து என்று தன்னையே திட்டிக்கொள்வாள். திட்டி ஒன்றும் ஆகவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுவதும் உள்ளே பழைய கரி ஓடுகளைக் கழற்றிவிட்டு டங்ஸ்டன் கட்டிகளை மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஜனவரியும் வந்தது. எங்கள் பக்கம் ஜனவரி என்றால் ராஜா கேக். வளையமாகச் சுட்டு, மேலே பழத்துண்டுகள் பதித்து, உள்ளே ஒரு பீங்கான் பொம்மையை ஒளித்து வைப்பார்கள். பொம்மை யார் வாயில் அகப்படுகிறதோ அவர் ராஜா. காகிதக் கிரீடத்தை வைத்துக்கொண்டு, தன் ராணி யாரென்று எல்லோர் முன்னாலும் சொல்லவேண்டும். அடுத்த கேக்கும் அவர் செலவு.

மின்சார வேலை பார்க்கும் லோயிக் வடக்கே பிரிட்டனி மாகாணத்துக்காரன்; அவன் ஊரில் இந்தக் கேக் வளையமாக இருக்காது, தட்டையாக இருக்கும். "இது கேக்கா, நம்ம மெஷினுக்குச் செஞ்ச மாடலா?" என்று வழக்கம்போல வம்பிழுத்தான். இடைவேளையில் எல்லோரும் பகிர்ந்து தின்று கேக் தீர்ந்தது. பொம்மை யாருக்கும் கிடைக்கவில்லை. பேக்கரிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று ஏசிவிட்டு எல்லோரும் வேலைக்குப் போனார்கள்.

வளையத்தை மூடுவதற்கு முன்னால் கேமரா வைத்த நீளக் கையை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். திரையில், அடித்தளத்தில் இரண்டு டங்ஸ்டன் கட்டிகளுக்கு இடையே, தலையில் மீன்கூடையோடு விரல்நுனி உயரத்தில் ஒரு பீங்கான் பெண் சிக்கி நின்றுகொண்டிருந்தாள். முதலில் சிரித்தார்கள். வேலைக்குத் தலைவியான தெல்ஃபின் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் அடங்கினார்கள்.

மறுபடி உள்ளே இறங்கவேண்டும், மறுபடி கழுவவேண்டும். வாசலுக்கு ஒரு சோதனை இயந்திரம் வாங்கலாம் என்று மேலிடத்தில் வெகுநாளாகப் பேச்சு, இனி அவர்களை யார் தடுப்பது என்று கூட்டத்தில் தெல்ஃபின் கேட்டாள். இந்த வாசலும் போனால் ஒடிலுக்கு என்ன மிச்சம்?

"உன்னைத் தாண்டி இது எப்படிப் போச்சு ஒடில்?" என்றாள் தெல்ஃபின்.

எப்படிப் போயிற்று என்று திரையைப் பார்த்த நொடியே அவளுக்குத் தெரியும். அவள் முழுசாகத் தடவிப் பார்க்காமல் அனுப்புகிறவன் ஒருவன்தானே.

"ஒருத்தரைச் சரியாப் பாக்காம விட்டுட்டேன். யாருன்னு கேக்காதீங்க, தப்பு என்னோடது. வாசலை வேற யாருக்காவது குடுத்துடுங்க."

நாற்காலி ஒன்று நகர்ந்தது. ரெஜிஸ் எழுந்து நின்றான்.

"என் சாக்ஸுக்குள்ள இருந்துச்சு."

"அடப்பாவி, ஒரு கேக்கு வாங்கப் பயந்தா இத்தனையும்?" என்றான் லோயிக். இரண்டு பேர் சிரித்தார்கள்.

"கேக்குக்காக இல்ல." ரெஜிஸ் மேஜையைப் பார்த்தே பேசினான். "ராணி யாருன்னு சொல்லணும்ல. எனக்கு ஒரே ஒரு பேருதான் தோணுச்சு. அதை எல்லாருக்கும் முன்னால சொல்லத் தைரியம் வரல. அப்புறமா எடுத்துக்கலாம்னு சாக்ஸுல சொருகினேன். மறந்தே போயிட்டேன். உள்ள ஊர்ந்தப்போ நழுவி விழுந்திருக்கு."

அந்தப் பேர் என்ன என்று யாரும் கேட்கவில்லை. ஒடில் குனிந்த தலை நிமிரவில்லை. அவமானமா சந்தோஷமா என்று அவளுக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை.

தெல்ஃபின் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள். பொம்மை கிடந்த கட்டி வரிசையைப் பதித்தவன் ரெஜிஸ் என்பதால் அவனே போய் எடுக்கட்டும், அதற்கப்புறம் இந்த வருஷம் அவன் வளையத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்றாள். வாசலில் ஒடிலே இருக்கட்டும், கூட இன்னொருவரும் நின்று பார்க்கட்டும் என்றாள். "இந்தத் தடவையாவது ஒழுங்காப் பாரு."

மறுநாள் காலையில் ரெஜிஸ் கைகளை விரித்து நின்றான். சுற்றி இருந்தவர்களுக்கெல்லாம் கூரையில் பார்க்க ஏதோ இருந்தது. ஒடில் தோளில் ஆரம்பித்தாள். அவசரப்படவில்லை. முழங்காலிட்டு உட்கார்ந்து, சாக்ஸின் விளிம்புக்குள் விரல் விட்டு இரண்டு கணுக்காலையும் சுற்றிப் பார்த்தாள்.

"வேற எதையாவது ஒளிச்சு வெச்சிருக்கியா?"

"இல்ல. எல்லாத்தையும்தான் நேத்தே சொல்லிட்டேனே."

"பேரைச் சொல்லலையே."

அவன் மேலிருந்து அவளைப் பார்த்தான். "ஒடில்" என்றான்.

தினமும் ஊரே கூப்பிடுகிற பேர்தான். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"சரி, போயிட்டு வா" என்றாள். அவன் துவாரத்துக்குள் ஊர்ந்து மறைந்தான். விளக்குப் பிடிக்கப் பின்னால் போகவேண்டிய லோயிக், கடிகாரத்தைக் கழற்றித் தட்டில் போட்டுவிட்டுக் கையை விரித்துக்கொண்டு நின்றான். அவள் முழங்காலிட்டபடியே துவாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் ரொம்ப நேரம் பொறுத்துப் பார்த்தான்.

"ஒடில்," என்றான் மெதுவாக, "ஆடு ஒண்ணு இங்கயும் நிக்குது."