ரானுயி வேலியோரத்துக் காடைகள்

சென்னையில் விமானம் ஏறும்போது என் கைப்பையில் இரண்டு பேருக்கான சீட்டுகள் இருந்தன. எனக்குப் போகவர ஒன்று; ஆரணிக்கு வர மட்டும் ஒன்று. ஆரணி என் தங்கை வசந்தியின் ஏழு வயது மகள். வசந்தி ஆக்லாந்தில் நோயில் இறந்து எட்டு மாதமாகியிருந்தது. தாயில்லாப் பெண்பிள்ளையைப் பெரியம்மாவோ சின்னம்மாவோ எடுத்து வளர்ப்பதுதான் எங்கள் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் வழக்கம். ஆம்பிளை ஒருவர் தனியே என்னத்தை வளர்ப்பார் என்று எல்லோரும் கூடிப் பேசி முடிவெடுத்தோம். வசந்தியின் கணவர் குமரனிடம் தொலைபேசியில் சொன்னபோது, "வந்து பாருங்கோ அக்கா, பிறகு கதைப்பம்" என்றார். அதை நான் சம்மதமென்றே எடுத்துக்கொண்டேன். அது தொண்ணூற்றாறு, நவம்பர் கடைசி.

சிங்கப்பூரில் விமானம் மாறி, காலை ஒன்பது மணியளவில் ஆக்லாந்தில் இறங்கினேன். கருவாட்டைச் சோதனையில் எடுத்துக்கொண்டார்கள், மிளகாய்த்தூள் தப்பியது. குமரனின் பழைய காரில், அவர்கள் குடியிருந்த ரானுயிக்கு ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். வீட்டு வாடகை நூற்றெண்பது டொலர், அதுவும் வாரத்துக்கு என்று கேட்டபோது எனக்கு விமானத்தில் வராத தலைச்சுற்று வந்தது.

கதவைத் திறந்த ஆரணியின் தலையைப் பார்த்தேன். மயிர் முழுவதையும் உச்சியில் அள்ளி ரப்பர் வளையம் போட்டிருந்தது. அந்தக் குடுமி நெற்றிப் பக்கமாகக் கவிழ்ந்து கிடந்தது.

"ஆர் இழுத்துவிட்டது உது?" என்றேன்.

"டாட்" என்றாள் பெருமையாக.

நல்லவேளை வந்தேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, பெட்டியைத் திறக்குமுன்னமே அவளை இருத்தி இரட்டைப் பின்னல் பின்னிவிட்டேன். கதவுக்குப் பின்னால் வசந்தியின் சிவப்புக் கம்பளிச்சட்டை இன்னும் தொங்கியது.

அன்று பின்னேரம் ஐந்து மணிக்குத்தான் காடைகளைப் பார்த்தேன். பின்கதவுப் படியில் தேத்தண்ணியோடு இருந்தோம். வேலியோரப் புதருக்குள்ளிருந்து சேவல் முதலில் வந்தது. நீலம் கலந்த சாம்பல் மார்பு, கறுத்த தொண்டையைச் சுற்றி வெள்ளைக் கோடு, உச்சியில் முன்பக்கமாகக் கவிழ்ந்த ஒரு கறுப்புக் குடுமி. எனக்குச் சிரிப்பு வந்தது. குமரன் குடுமி கட்டப் பழகிய இடம் இதுதான் போலும். மங்கின நிறப் பேடு பின்னால் வந்தது. அதன் பின்னால் வண்டுகளைப்போலப் பத்துப் பன்னிரண்டு குஞ்சுகள்.

"உது பாலைவனக் காடையின்ரை சொந்தக்காரன், அக்கா" என்றார் குமரன். அவரும் மகளும் நூலகத்துப் புத்தகத்தில் பார்த்திருக்கிறார்கள். "அமெரிக்காவிலை மணற்காட்டிலை இருக்கிறதுக்கு வயித்திலை கறுப்புத் திட்டு இருக்குமாம். உதுக்குச் செதில் செதிலாய் இருக்கு, பாருங்கோ. வேட்டைக்கெண்டு வெள்ளைக்காரர் கப்பலிலை கொண்டுவந்து விட்டவை. இப்ப உவை இந்த ஊர்க்காரர்."

சேவல் வேலிக்கட்டையில் ஏறிக் காவல் நிற்கும். மற்றவை மண்ணைக் கிளறி மேயும், புழுதியில் குளிக்கும். ஆள் அரவம் கேட்டால் பறக்காது, ஓடும். நாங்கள் மூவரும் ஒன்றாக இருந்து பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பின்னேரங்களை இன்று நினைத்தாலும் ஏக்கமாக இருக்கிறது. அப்படி ஒரு நேரத்தில் வசந்தியும் பக்கத்தில் இருந்திருக்கலாம்.

இரண்டாவது சனிக்கிழமை காலை, புல்லில் இறகுகள் சிதறிக் கிடந்தன. பக்கத்து வீட்டுப் பூனை தாய்க் காடையைக் கொண்டுபோய்விட்டது. குமரன் மேலதிக நேர வேலைக்காக ஹெண்டர்சன் மர ஆலைக்குப் போயிருந்தார். தாயில்லாக் குஞ்சுகள் அங்குமிங்கும் ஓடின. எனக்கு வேறொன்றும் யோசிக்கத் தோன்றவில்லை. ஆரணியையும் கூட்டிக்கொண்டு, மா அரிக்கும் அரிதட்டால் கவிழ்த்துக் கவிழ்த்து எல்லாவற்றையும் பிடித்தேன். சப்பாத்துப் பெட்டியில் பழைய சேலைத்துண்டை விரித்து, மேசை விளக்கைக் கிட்ட வைத்து, அரிசிக் குறுநலும் போட்டேன்.

ஒன்றுகூடத் தின்னவில்லை. கீச்சிட்டுக் கத்தின, நடுங்கின. வெளியே வேலிக்கட்டையில் நின்று சேவல் கூப்பிட்டது. மூன்று அசையில், நடுவை இழுத்து, நிறுத்தாமல் கூப்பிட்டது. உள்ளே இருந்தவை பதிலுக்குக் கத்தின. யன்னலைச் சாத்தினேன், அப்போதும் கேட்டது.

"ஹி வாண்ட்ஸ் தெம், பெரியம்மா" என்றாள் ஆரணி.

"அது சேவலடி பிள்ளை. அதுக்கு என்ன தெரியும்?"

மூன்றரைக்கு வந்த குமரன் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். கோபிக்கவில்லை. "தேப்பன் நிக்கிறார் எல்லே, அக்கா" என்று தகப்பன் சேவலைக் காட்டி மட்டும் சொல்லிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் புதரடியில் மெல்லச் சரித்தார். பிறகு மூவரும் குசினியில் அடுப்புக்குப் பக்கத்து யன்னலால் பார்த்தோம்.

சேவல் இறங்கி வந்தது. தொண்டைக்குள் ஏதோ மெதுவாகச் சொன்னது. குஞ்சுகள் விழுந்தடித்து ஓடின. அது சிறகை அகட்டி, உடம்பை உப்பி, எல்லாவற்றின் மேலும் உட்கார்ந்தது. வெளியே ஒரு சின்னக் கால் மட்டும் தெரிந்தது, பிறகு அதுவும் உள்ளே போயிற்று. குமரனின் கையைப் பிடித்துக்கொண்டிருந்த ஆரணி மூச்சுவிடாமல் பார்த்தாள். நான் அழுதேன். குஞ்சுகளுக்காக மட்டும் அழவில்லை.

மறுநாள் காலை ஆரணி சீப்போடு என்னிடம் வரவில்லை, தகப்பனிடம் போனாள். அவர் என்னைப் பார்த்துத் தயங்கினார். "கட்டிவிடுங்கோ தம்பி" என்றேன். குடுமி வழக்கம்போலக் கவிழ்ந்தது. நான் அதை அவிழ்க்கவில்லை.

இருந்த மீதி நாட்களில் சேவலும் குஞ்சுகளும் எங்கள் பின்னேரத் தேத்தண்ணிக்குத் தவறவில்லை. கடைசி வாரம் இன்னொரு காடைக் குடும்பமும் வந்து சேர்ந்தது. எது யாருடைய குஞ்சு என்று எங்களுக்குப் பிடிபடவில்லை. காடைகளும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

புறப்படும் நாள் விமான நிலையத்தில் குமரன் பெட்டியை நிறுத்துப் போட்டார். ஆரணியின் சீட்டைப் பற்றி மூன்று வாரமும் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அங்கும் கேட்கவில்லை, மகளின் கையை மட்டும் இறுக்கிப் பிடித்திருந்தார். நானாகச் சொன்னேன்: "தம்பி, அடுத்த லீவுக்கு ரெண்டு பேரும் ஒண்டா வாங்கோ." அவர் "ஓம் அக்கா" என்றார்.

சென்னையில் மாலை. வெக்கையும் ஹாரன் சத்தமும் முகத்தில் அடித்தன. அங்கே பின்னேரம் ஒரு பறவையின் குரல் மட்டும் தனியாகக் கேட்கும், இங்கே பக்கத்தில் நிற்பவரின் குரலே கேட்காது. தடுப்புக்கு அப்பால் என் கணவர் எனக்குப் பின்னால் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கிட்ட வந்ததும் கேட்டார்:

"பிள்ளை எங்கை? தாயில்லாப் பிள்ளையைத் தனியவோ விட்டிட்டு வந்தனீ?"

"தனிய இல்லை" என்றேன். "தேப்பனோடை நிக்கிறாள்."