அஸ்கலானில் ஓர் ஆள்

2009 ஜனவரி. ஷார்ஜா முவைலாவில் உம்மு கலீல் என்ற பாலஸ்தீனக் கிழவியின் கட்டிலுக்கு எதிரே டிவி மூன்று வாரமாக அணையவே இல்லை. காஸா எரிந்துகொண்டிருந்தது. பிள்ளைகளைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கிழவியைப் பார்த்துக்கொள்ள இரண்டு மாதம் முன்புதான் வந்து சேர்ந்த குளச்சல்காரி ஷாஜினிக்குப் பார்த்துப் பார்த்து வயிறு எரிந்தது. ஆனாலும் அவள் கண் திரையின் அடியில் ஓடும் செய்தி வரியிலேயே கிடந்தது. முன்பு ஃபஹாஹீலில் ஓர் அரபி வீட்டில் நாலு வருஷம் வேலை பார்த்ததில் அரபி பேச வரும், வாசிக்க வராது.

அவளுடைய அக்கா சுகிர்தராணி இருப்பது இஸ்ரேலில். அஸ்கலோன் என்ற ஊரில் ஒரு யூதக் கிழவருக்குக் கஞ்சி ஊட்டிக் குளிப்பாட்டும் வேலை. அரபிக்காரர்கள் அந்த ஊரை அஸ்கலான் என்பார்கள். இதை இந்த வீட்டில் யாரிடம் சொல்வது? கிழவியின் மகன்தான் அவளுக்கு விசா கொடுத்த கஃபீல், பாஸ்போர்ட் அவர் அலமாரியில். இங்கிருந்து அந்த நாட்டுக்கு ஃபோனும் போகாது. அக்கா குளச்சலுக்குப் பேசுவாள், அம்மா இவளுக்குப் பேசுவாள். சேதி அப்படிச் சுற்றித்தான் வரும்.

அன்று காலை மகன் டிவியைப் பார்த்து உரக்க வாசித்தார்.

"அஸ்கலான்ல ராக்கெட் விழுந்திருக்கு."

ஷாஜினி கையிலிருந்த மாத்திரை கட்டிலுக்கடியில் உருண்டது. எந்தத் தெரு, யாருக்கு என்ன என்று கேட்டால், உனக்கு எதற்கு என்பார். டிவி அதற்குள் காஸாவுக்குத் திரும்பிவிட்டது. வேறு மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மத்தியானம்வரை நடமாடினாள். ஃபோன் அடித்ததும் பாய்ந்தாள்.

"மக்ளே, அக்கா விளிச்சா. அடுத்த தெருவிலயாம் விழுந்தது. அவளுக்கு ஒண்ணும் இல்ல," என்றாள் அம்மா.

ஷாஜினி சுவரில் சாய்ந்து விம்மிவிட்டாள். கிழவி பதறிப்போனார்.

"யாருக்கு என்ன?"

"அக்காவுக்கு உடம்பு சரியில்லாம இருந்தது. இப்ப தேவலை, உம்மா."

"எங்க இருக்கா?"

"ஊர்லதான். குளச்சல்ல."

கிழவி அவள் கையை இழுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

"நீ கொடுத்துவெச்சவ. கேட்டா சொல்ல ஆள் இருக்கு. நான் பிறந்தது அஸ்கலான். எட்டு வயசுல துரத்திட்டாங்க. எங்க வீட்டுக் கிணத்தடி அத்திமரம் நிக்குதா, விழுந்துட்டுதான்னு கேக்க அங்க எனக்கு ஓர் ஆள் இல்ல."

சனிக்கிழமை அக்காவுக்கு லீவு. அத்திமரத்தை நடந்தே போய்ப் பார்த்துவிடுவாள். நாக்கு நுனிவரை வந்ததை ஷாஜினி விழுங்கினாள். காலையில் உருண்ட மாத்திரையைத் தேடுகிறவள்போலக் கட்டிலுக்கடியில் குனிந்துகொண்டாள்.