ரப்பர் பையில் என் மூச்சு

கல்யாணமாகி நான் சின்னக் காஞ்சீபுரத்துக்குக் குடித்தனம் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. முப்பதுகளின் ஆரம்பம். என் அகத்துக்காரர் சென்னையில் டாக்டருக்குப் படித்தவர். சர்க்கரை சாப்பிட்டால் உடம்பு அதை எப்படி எரிக்கிறது என்று அளந்து கல்லூரிக்கு எழுத வேண்டும். அது சரியாக அமைந்தால்தான் அங்கே வேலை. அதனால் எங்கள் கூடம் முழுக்கக் கண்ணாடிக் குழாய்கள். நடுவில் ஒரு பெஞ்சு, தலையணை மாதிரி பெரிய ரப்பர் பை ஒன்று.

அந்தப் பைக்குள் மூச்சு விட ஒருத்தி வந்தாள். பக்கத்துத் தெரு நெசவுக்காரரின் மனைவி. குழந்தையின் ஜுரத்தை இவர் தீர்த்துவைத்த நன்றிக்காக வந்தவள்தான். ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது! தினமும் காலையில் அவளைப் படுக்கவைத்து, மூக்கில் கவ்வி மாட்டி, வாயில் குழாய் வைத்து மூச்சைப் பையில் பிடிப்பார். பிறகு சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து மறுபடி பிடிப்பார். அந்த மூச்சைச் சோதித்தால் உள்ளே எரிவது சர்க்கரையா, கொழுப்பா என்று தெரிந்துவிடுமாம். அவள் இருமினால் ஓடுவார். "ராத்திரிக்கு அப்புறம் ஏதாவது சாப்பிட்டியா?" என்று நாள் தவறாமல் விசாரிப்பார். என்னை இந்த மனுஷர் ஒரு நாள் கேட்டதுண்டா? சமையலறையில் பாத்திரங்கள் என் கையில் படாத பாடு பட்டன.

ஒரு வாரத்தில் கணக்கு உதைத்தது. வெறும் வயிற்றில் பெரும்பாலும் கொழுப்புதான் எரிய வேண்டுமாம்; சர்க்கரைத் தண்ணீர் குடிக்கும் முன்பே அவள் உடம்பு சர்க்கரையை எரிப்பதாகக் கருவி காட்டியது. கருவிதான் கோளாறு என்றால் வேலை போன மாதிரிதான். இவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"பச்சத் தண்ணிகூட பல்லுல படல சாமி, எங் கொயந்த மேல ஆணையா!" என்று அவள் அழுதாள்.

நான் சும்மா இருப்பேனா? அவள் கொண்டையில் துளசி, முழங்கையில் வழிந்த நெய். தொலைந்தாள் என்று சந்தோஷமாக, "இவ கோயில்ல சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுட்டு வரா" என்று போட்டு உடைத்தேன்.

அவள் பதறிப்போனாள். "இன்னாம்மா சொல்றீங்க! அது பெருமாள் பிரசாதம். அத்தப் போயி சாப்பாடுன்னு சொல்லலாமா?"

நியாயம்தான். எங்கள் வீட்டிலும் பிரசாதத்தை யாரும் சாப்பாட்டில் சேர்த்ததில்லை. இவர் அவளைத் துரத்துவார் என்று பார்த்தால், கருவி பொங்கலையே கண்டுபிடித்துவிட்டது என்று துள்ளிக் குதித்தார்! ஆனால் தினமும் கோயிலுக்குப் போகிறவள், கையில் கொடுத்த பிரசாதத்தை எப்படி வேண்டாம் என்பாள்? வெறும் வயிற்றோடு வேறு ஆளுக்கு எங்கே போவது என்று முழித்தார்.

"நான் படுத்துக்கறேன்" என்றேன். அதற்குள் உச்சிப்பொழுது ஆகியிருந்தது.

"நீ காலம்பரவே சாப்பிட்டிருப்பியே" என்றார்.

வந்ததே கோபம்! "ஏன்னா, நீங்க சாப்பிடாம நான் என்னிக்குச் சாப்பிட்டிருக்கேன்? நீங்க இந்தப் பையை விட்டு எழுந்து வர மத்தியானம் ஆறது. அதுவரைக்கும் நானும் பட்டினிதான்!"

அவர் குழாயை வெந்நீரில் கழுவிக் கொடுத்தார். வேறு நாளாக இருந்தால் இன்னொருத்தி வாய் வைத்ததை நான் தொட்டிருக்கவே மாட்டேன். அன்றைக்கு வீம்பு. படுத்து, பை நிறைய ஊதினேன். சோதித்துப் பார்த்தவர், எரிவது பெரும்பாலும் கொழுப்புதான், இப்படி ஓர் ஆளைத்தான் தேடினேன் என்று சர்க்கரைத் தண்ணீர் கலக்க ஓடினார். எனக்கு உச்சி குளிர்ந்தது. ஜெயித்துவிட்டேன்!

அவள் குறுக்கே வந்து நின்றாள். "அளந்தது போதும் சாமி. அம்மாவுக்குக் கை நடுங்கிக்கினு இருக்குது. மொதல்ல சோறு போடுங்க."

என் கை நடுங்குவது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. இவர் தலை குனிந்தபடி போய் இலை எடுத்து வந்தார். அளவெல்லாம் மறுநாள்தான் எடுத்தோம், வேலையும் கிடைத்தது. அதற்குப் பிறகும் எத்தனையோ பேரைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன், குணம் லேசில் போகுமா? ஆனால் அந்த வீட்டில் என் பசி முதலில் கண்ணில் பட்டது நான் துரத்தப் பார்த்தவளுக்குத்தான்.