சோயா சாஸில் எழுதிய வாக்கு

போன வாரம் மெய்லிங் தொலைபேசியில் அழைத்து, லிம் போய்விட்டான் என்று ஜெர்மனில் சொன்னாள். பிறகு, "சாப்டியா?" என்று தமிழில் கேட்டாள். கணவனிடம் அவள் கற்ற ஒரே தமிழ் அதுதான். அடப்பாவி, போன பிறகும் என்னை அழவும் சிரிக்கவும் வைக்கிறானே!

ஹாம்பர்க் மாணவர் விடுதியில் அவனோடு இருந்த பழைய நண்பர்களே, உங்களுக்குத் தெரியும், லிம் பினாங்குச் சீனன். அப்பாவின் மளிகைக் கடைக்கு வந்த தோட்டத் தொழிலாளர்களிடம் தமிழ் கற்றவன். அறுபதுகளில் நான் ஆராய்ச்சிக்கு வந்திறங்கிய அன்று, சமையலறையில் முட்டை பொரித்துக்கொண்டே, "என்னாலா மச்சான், ஊர்ல மழையா?" என்று பினாங்குத் தமிழின் 'லா' ஒட்டிக் கேட்டான். நான் பெட்டியைக் காலில் போட்டுக்கொண்டேன்.

அவன் வீட்டில் பேசியது ஹொக்கியன், மெய்லிங் வீட்டில் கன்டனீஸ். இரண்டும் சீனம்தான். ஆனால் ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது, எழுத்துதான் பொது. இருவரும் காதலித்தது ஜெர்மனில். துறைமுகத்தருகே உணவகம் நடத்திய அவள் அப்பாவுக்கோ மீன் வாங்குமளவுதான் ஜெர்மன் வரும். பெண் கேட்கப் போன அன்று துணைக்கு நான். "நீ பேச வேணாம்லா, பக்கத்துல உக்காந்து தின்னு, போதும்" என்றான். தின்றேன்.

பெரியவர் மகளைச் சமையலறைக்கு அனுப்பிவிட்டார். மொழிபெயர்ப்பு வேண்டாமாம். தேநீரில் விரலைத் தோய்த்து மேசைமேல் எழுதிக் கேட்டார். லிம்மும் அப்படியே எழுதிப் பதில் சொன்னான். ஊர், படிப்பு, வேலை எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. திடீரென்று அவன் விரல் நின்றது.

"என்னடா?"

"பொண்ண பினாங்குக்குக் கொண்டு போயிடுவியான்னு கேக்குறாரு. அவருக்கு அவ ஒருத்திதான்லா."

கொண்டுபோக மாட்டேன் என்று எழுதினான். ஈரம் காயும்வரை பெரியவர் பார்த்திருந்தார். பிறகு வெறும் மேசையைத் தட்டிக் காட்டினார்: எங்கே உன் வாக்கு?

லிம் எழுந்தான். பக்கத்து மேசையின் வெள்ளை விரிப்பை உருவினான். சோயா சாஸில் விரலைத் தோய்த்து, அதே வரியை அதில் பெரிதாக எழுதினான். போச்சு, காரியம் கெட்டது என்று நினைத்தேன். பெரியவர் விரிப்பு பாழானதற்குக் கத்தினார், கத்திக்கொண்டே சிரித்தார், மகளைக் கூப்பிட்டார்.

அந்த விரிப்பைத் துவைக்கவே விடவில்லை. சட்டம் போட்டு உணவகச் சுவரில் மாட்டினார். பழைய ஓவியமென்று நினைத்து ஜெர்மன்காரர்கள் விலை கேட்பார்கள். லிம் விழுந்து விழுந்து சிரிப்பான். எழுபதுகளில் பினாங்கிலிருந்து பெரிய வேலை தேடி வந்தது. அவன் போகவில்லை.

நேற்று அடக்கத்தின்போது, தொண்ணூறைத் தாண்டிய பெரியவரே சட்டத்தைப் பிரித்து அந்தத் துணியை மருமகனின் மார்பில் வைத்தார்.

எனக்குச் சீன எழுத்து தெரியாது. ஆனால் இத்தனை ஆண்டுகள் அந்தச் சுவருக்கு எதிரே உட்கார்ந்து தின்றிருக்கிறேன். வீட்டுக்கு வந்து தேநீரில் விரலைத் தோய்த்து, அந்த வரியை மேசைமேல் எழுதினேன். ஒரு கோடுகூடப் பிசகவில்லை.