காயமில்லாத விரல்களுக்கு ஒரு கட்டு

ஆரணி மருத்துவமனையில் தம்பிக்குத் துணையிருந்தபோது அந்த நர்ஸைப் பார்த்தேன். ஒல்லியான உடம்பு, நரைத்த தலை. நினைவில்லாதவர்களிடம்கூட "தொடறேங்க" என்று சொல்லிவிட்டுத்தான் தொடுவார்.

பக்கத்துக் கட்டிலில் பட்டு நெய்யும் அம்மா ஒருவர் மயங்கிக் கிடந்தார். அவருடைய செல்போனைத் திறக்க, மகன் அவர் விரல்களை ஒவ்வொன்றாக அதில் அழுத்திக்கொண்டிருந்தான். நர்ஸ் அவன் பிடியிலிருந்து அந்த அம்மாவின் கையைப் பிடுங்கினார்.

"எங்கம்மா போன்தானே, இன்னா தப்பு?"

"பாஸ்வேர்டு கேட்டா சொல்லமாட்டேன்னு அவங்க சொல்லலாம். மயங்கிக் கெடக்கறவங்க வெரலு எப்டிய்யா சொல்லும்? வெளிய போ!"

அதே கோபத்தோடு, காயமில்லாத அந்த விரல்களுக்கு மொத்தமாகக் கட்டுப் போட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீங்களும் பாத்துகினுதானே இருந்தீங்க?"

ஆமாம், முதல் விரலிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஏன் அந்தக் கோபம் வரவில்லை என்று இன்றும் தெரியவில்லை.